தோளில் நான்கு விரல்

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து காற்று. மலைப் பக்கம் மூட்டம், இங்கே தூறல்கூட இல்லை. மோர் மிளகாய் மொட்டைமாடியில். தட்டுக்கு மேல் பழைய வேட்டித் துணி, மூலைக்கு ஒரு கல். இல்லாவிட்டால் ராஜபாளையத்துப் புழுதி அத்தனையும் மிளகாயில்தான்.

வழக்கம்போல் இரண்டு பாட்டில். ஒன்று எனக்கு. ஒன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, பிலோவுக்கு.

அப்படி நினைத்துக்கொண்டுதான் கீழே இறங்கினேன். காப்பியோடு போனைத் திறந்தால் வாட்ஸ்அப்பில் பிலோமினாவின் டி.பி. படம் மாறியிருக்கிறது.

ஆறு வருடமாக அந்த வட்டத்துக்குள் நாங்கள் இருவரும் இருந்தோம். எங்கள் வீட்டுக்காரர் காலமான பிறகு வாசல்படி தாண்டாமல் கிடந்த என்னை அய்யனார் கோவில் அருவிக்கு இழுத்துக்கொண்டு போனாளே, அன்று எடுத்தது. தண்ணீருக்குள் கால், முழங்கால்வரை நனைந்த புடவை. நான் சிரிக்கவில்லை. அவள் எனக்கும் சேர்த்துச் சிரித்திருப்பாள். தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் குட் மார்னிங் அனுப்புவேன்.

இன்று அதில் பிலோவும் இன்னொருத்தியும். பின்னால் செண்பகத்தோப்பு மரங்கள். இரண்டு பேருக்கும் கறுப்புக் கண்ணாடி. எழுபதைத் தொடப்போகும் வயதில்.

இன்னொருத்தி யார் என்று தெரியும். பிலோவின் தெருவுக்கு மார்கழியில் குடிவந்தவள். கணவர் மிலிட்டரியில் இருந்தவர், இப்போது இல்லை. ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். தலைக்குச் சாயம். பெயர் சாந்தா. இந்த நோட்டில் முழுப் பெயர் எழுத எனக்கு மனமில்லை. சா. போதும்.

பிலோவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பது கேவலம்.

குட் மார்னிங் அனுப்பவில்லை.

ஜூலை 9, புதன்

காற்று குறையவில்லை. தொண்டை கரகரப்பு.

நானும் பிலோவும் படித்த காலத்தில், கான்வென்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் மதருக்குப் பிடிக்காது. வகுப்பு முழுவதும் நிற்க வேண்டும். அதனால் கோபத்தை ரிப்பனில் காட்டுவேன். நல்ல நாளில் இரண்டு பின்னலிலும் பூ முடிச்சு. பிலோவோடு சண்டை என்றால் இடது பின்னலில் வெறும் முடிச்சு. மதர் கண்டுபிடித்ததே இல்லை. பிலோ வகுப்புக்குள் கால் வைத்ததும் என் இடது பின்னலைத்தான் பார்ப்பாள். பார்த்தால் போதும், மத்தியான டப்பாவில் பாதி என் பக்கம் வந்துவிடும்.

ரிப்பன் கட்டும் வயது போய்விட்டது. டி.பி. இருக்கிறது.

பின்வாசல் தொட்டியிலுள்ள கள்ளிச்செடியைப் படம் எடுத்தேன். முள் துல்லியமாக விழும்படி நான்கு தடவை. போட்டேன். பிலோவுக்குப் புரியும்.

மத்தியானம் அவளிடமிருந்து: "ஏட்டி, கள்ளி நல்லா வந்துருக்கே. ஒரு கன்னு குடு. சாந்தா கேக்கா."

ஜூலை 10, வியாழன்

வாங்க: பிரஷர் மாத்திரை, பெருங்காயம், நாற்பது வாட் பல்பு (இருந்தால்).

வேலைக்கு வரும் முத்துலட்சுமி: "போட்டோல முள்ளு வச்சிருக்கீங்களேம்மா, கண் திருஷ்டிக்கா? அதுக்கு வாசல்லதான் கட்டணும்." இவளுக்கும் புரியவில்லை. இரண்டு பாத்திரத்தில் பிசுக்கு, திரும்பக் கழுவச் சொன்னேன்.

பதினொரு மணிவாக்கில் பிலோ கூப்பிட்டாள்.

"என்னட்டி, ரெண்டு நாளா குட் மார்னிங் காணோம்?"

"வேலை."

"குரலு ஒரு மாதிரி இருக்கே."

"காத்து."

"கஷாயம் வச்சுக் குடி. செத்த நேரம் படு. நேத்து நானும் சாந்தாவும்..."

அப்போது அந்தப் பக்கம் ஒரு குரல்: "டீச்சர், பால் பொங்குது. நான் அமத்திட்டேன்."

அமத்திட்டேன். அமத்தட்டுமா என்று கேட்கவில்லை. பிலோவின் அடுப்பைக் கேட்காமல் நான்கூடத் தொட்டதில்லை. முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துத் தனியாகவே வாழ்ந்தவள். அவள் சமையலறையில் ஸ்பூன் இடம் மாறினால் அன்று முழுவதும் பேச்சு இருக்காது. இப்போது யாரோ வந்து பால் அடுப்பை அணைக்கிறாள்.

"வச்சிருதேன், வாசல்ல யாரோ" என்று சொல்லி வைத்துவிட்டேன். வாசலில் யாருமில்லை.

ஜூலை 11, வெள்ளி

கள்ளியை எடுத்துவிட்டேன். எங்கள் வாசல் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் தெரிகிறமாதிரி ஒரு படம். இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்வது.

பிலோ: "வெளியூரா? சொல்லாமப் போயிட்ட."

நான்: "வீட்டில்தான்."

பிலோ: கட்டைவிரல்.

மஞ்சள் கட்டைவிரல் ஒன்று. ஐம்பது வருடத்துக்கும் மேலான பழக்கத்துக்கு ஒரு கட்டைவிரல்.

அவள் டி.பி.யைப் பெரிதாக்கிப் பார்த்தேன். (இன்றைக்கு எத்தனையாவது தடவை என்று எழுத மாட்டேன்.) சா. தலையைப் பிலோவின் பக்கம் சாய்த்திருக்கிறாள். பிலோவின் கண்ணாடி அவளுடையது இல்லை, சா. கொடுத்ததாக இருக்கும். மூக்குக்குப் பெரிது. நானாக இருந்தால் சரியான அளவு வாங்கிக் கொடுத்திருப்பேன்.

நான் ஒருநாளும் வாங்கிக் கொடுக்கவில்லை. அவள் கண்ணாடி போடுவாள் என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. தலைவலி.

இன்று ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். பள்ளியின் கடைசி வருடம் கான்வென்டுக்கு வந்த போட்டோக்காரர் எடுத்த படம். கறுப்பு வெள்ளை. நானும் பிலோவும் வேப்பமரத்தடியில், தாவணி, ரெட்டைப் பின்னல். அவள் என் இடது பக்கம். அவள் கை என் தோளில். அவளிடமும் ஒரு பிரதி உண்டு, எங்கே வைத்தாளோ.

ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் போனில் எடுத்தேன். நிழல் விழவில்லை. பிறகு வெட்டினேன். இதை எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, நானே பழகியது. தையல் வகுப்பில் பிலோவுக்குக் கத்தரி நேராகவே போகாது. அவள் துணியையும் நான்தான் வெட்டிக் கொடுப்பேன். இன்று அவளையே வெட்டினேன்.

நான்கு விரல் மட்டும் என் தோளில் தங்கிவிட்டது. அதை எடுக்க வேண்டுமானால் தோளையும் எடுக்க வேண்டும். இருக்கட்டும்.

அந்த வயதில் நான் அழகாகத்தான் இருந்திருக்கிறேன். சா. பார்க்கட்டும்.

டி.பி. போட்டாயிற்று. அடியில் ஒரு வரி எழுத இடம் இருக்கிறதே, அதில் முதலில் நாலைந்து எழுதி அழித்தேன். எல்லாமே கெஞ்சுகிற மாதிரி. கடைசியில்: "இனி அமைதி." முற்றுப்புள்ளியோடு. கண்ணியமாக இருக்கிறது. படித்தால் உறைக்கும்.

உடனே போனை அணைத்து அலமாரியில் வைத்தேன். அவள் கூப்பிட்டுப் பார்க்கட்டும்.

இரண்டாவது பாட்டிலைத் திரும்பப் பரணில் ஏற்றியாயிற்று. சா. நாக்குக்கு நான் ஏன் மிளகாய் காயவைக்க வேண்டும்.

ஜூலை 14, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

குளித்து, விளக்கேற்றி, போனை எடுத்து ஆன் செய்தேன். எடுக்காத அழைப்புகள் நிறைய. படிக்கும் முன்னாலேயே மணி. சிவகாசியிலிருந்து, வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் மனைவி.

"சுந்தரி அக்கா வீடுதானே? எப்ப எடுக்காக?"

"யாரை?"

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்.

"அக்காவத்தான்."

"அக்காதான் பேசுதேன்."

வைத்துவிட்டாள். ஒரு வார்த்தை சொல்லாமல்.

அப்போதுதான் என் டி.பி.யை அடுத்தவர் கண்ணால் பார்த்தேன். தனி ஆள். கறுப்பு வெள்ளை. அடியில் "இனி அமைதி." நம் பக்கம் வீட்டில் யாராவது போய்விட்டால் பிள்ளைகள் இப்படித்தானே போடுகிறார்கள். போஸ்டர் ஒட்டுவதற்கு முன்னாலேயே போட்டுவிடுகிறார்கள். அதன்மேல் போனும் அணைந்து கிடந்தால்? எல்லாவற்றுக்கும் மேலே அந்த முற்றுப்புள்ளி.

மாற்றலாம் என்று கண்ணாடியைத் தேடும்போதே வாசலில் ஸ்கூட்டர் சத்தம்.

பிலோ. நைட்டியில். தோளில் ஒரு துண்டு. பின் குத்திய புடவை இல்லாமல் தெருக்குழாய்க்குக்கூட வராத பிலோமினா டீச்சர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நைட்டியோடு வந்திருக்கிறாள். அதுவும் ஸ்கூட்டரில். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுக்காரர் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பார், பயம் என்று ஏறவே மாட்டாள்.

கேட்டில் என்னைப் பார்த்தாள். நின்றாள். பக்கத்தில் வந்து என் கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு புஜத்தில் ஓங்கி ஓர் அடி.

"உசுரோட இருக்கவ போடுற போட்டோவாட்டி இது?"

"உள்ள வா. தெருவே பாக்குது."

"பாக்கட்டும். சாந்தா வண்டியில கண்ண மூடிக்கிட்டே வந்தேன். தொறந்தா லாரி, மூடுனா நீ."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

அவளுக்குப் பின்னால் சா. நிற்கிறாள். கையில் வாழையிலைப் பொட்டலம். ரோஜா மாலை எட்டிப் பார்க்கிறது. எங்கே வைப்பது என்று தெரியாமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றுகிறாள். "வணக்கம்க்கா" என்றாள். இதுதான் நேரில் முதல்முறை. மாலையைப் பார்த்தேன். புதுப் பூ, இறுக்கமான கட்டு. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவே எரிச்சல்.

கூடத்தில் உட்கார்ந்ததும் பிலோ என் போனைப் பிடுங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள்.

"இது யாரு வெரலு?"

போனை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை.

"என் வெரலுதான? முழு ஆள வெட்டிப் போட்டுட்டு வெரல மட்டும் எதுக்குட்டி வச்ச?"

"அத வெட்டுனா என் தோளும் போயிரும்."

போனை என் மடியில் வைத்தாள். பிறகு மெதுவாக: "எதுக்கு இம்புட்டும்?"

கேட்பது கேவலம் என்று ஒரு வாரம் வைராக்கியமாக இருந்தேன். கேட்டுவிட்டேன். "அருவிப் போட்டோவ ஏன் மாத்துன?"

"எந்தப் போட்டோ?"

"உன் டி.பி."

"அதா? சாந்தா எடுத்தா. நல்லாருக்கு டீச்சர்னு அவளே மாத்திவிட்டா. நான் சரின்னேன். என் மூஞ்சிய நானா பாக்கேன்? அத அடுத்தவுகதான பாக்காக."

"நான் பாக்கேன்."

"அப்ப கள்ளி?"

"உனக்குத்தான்."

"கதவு?"

"உனக்குத்தான்."

"ஏட்டி, வெளியூர் இல்லன்னதும் நீ வீட்டுக்கு பெயின்ட் அடிச்சிருக்கன்னுல்ல நெனச்சேன்."

சா. சிரித்துவிட்டாள். உடனே வாயை மூடிக்கொண்டாள். "மன்னிச்சிருங்கக்கா. அதுல நீங்க இருந்தீகன்னு பாத்தேன். ஆனா அது இம்புட்டு முக்கியம்னு தெரியாது."

காப்பி போடலாம் என்று எழுந்தேன். பாலை வைத்துவிட்டு டம்ளர் எடுப்பதற்குள் கூடத்தில் என் போன் மணி, மதுரையிலிருந்து யாரோ துக்கம் விசாரிக்க. பேசிக்கொண்டிருக்கும்போது சமையலறை வாசலில் சா.வின் குரல்.

"அக்கா, பால் பொங்குது. அமத்தட்டுமா?"

கேட்டாள்.

"அமத்து" என்றேன்.

மாலையை என்ன செய்வதென்று மூன்று பேருக்கும் தெரியவில்லை. முத்துலட்சுமி வந்து, "நல்ல மாலைம்மா, வீணாக்காதீக, ஐயா படத்துக்குப் போடுங்க" என்றாள். போட்டோம். ஆளுக்குப் போட வாங்கிய மாலை படத்துக்கு நீளம், இரண்டாக மடித்துப் போட வேண்டியிருந்தது.

போகும்போது பிலோவுக்கு என் புடவை ஒன்று கொடுத்தேன். பின் நானே குத்திவிட்டேன். வண்டியில் ஏறும் முன் சொன்னாள்: "அந்தப் போட்டோ எங்கிட்டயும் இருக்கு, தெரிஞ்சுக்கோ."

கண்ணை மூடிக்கொண்டாள். சா.வின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தெருமுனைவரை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

காற்று நின்றுவிட்டது. மோர் மிளகாய் கலகலவென்று காய்ந்திருக்கிறது. ஒன்று வறுத்துப் பார்த்தேன். உப்பு சரி.

அந்த ஒற்றை வரியை எடுத்துவிட்டேன். டி.பி.யை மாற்றவில்லை. உயிரோடிருப்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதே.

பத்து மணிக்கு ஒரு போன். எங்களோடு படித்தவள், கிருஷ்ணன்கோவிலில் இருக்கிறாள். "பிலோமினா தவறிட்டாளாமே?"

"இல்ல. இந்நேரம் இட்லிக்கு ஊறப்போட்டிருப்பா."

வைத்துவிட்டுப் பார்த்தேன். பிலோவின் டி.பி. மாறியிருக்கிறது. வேப்பமரத்தடிப் படம். அவள் பாதி. கறுப்பு வெள்ளையில் தனியாக, தாவணியோடு, எனக்கும் சேர்த்துச் சிரித்துக்கொண்டு.

பெரிதாக்கினேன். ஓரம் நேராக இருக்கிறது. பிலோவின் கை ஜென்மத்தில் நேராக வெட்டாது. சாந்தாதான் வெட்டியிருக்கிறாள். அது என் வேலை.

பிலோவின் கையோடு வெட்டை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. விரலைத் தாண்டி என் இடது தோள் முழுவதையும் விட்டிருக்கிறாள். தோளில் கிடக்கும் பின்னலையும். நுனியில் ரிப்பன். பூ முடிச்சு.

பரணிலிருந்து பாட்டிலை இறக்கியாயிற்று. மூன்று கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்.

மூன்றாவது சின்னது.