ஜன்னல் திரையில் கட்டிய கேபிள்

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகு வலியும் அத்தையின் இருமலும் எப்படி இருக்கின்றன என்று எழுது. எனக்குச் சாப்பாடு, தூக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, எரிச்சல்தான் தாங்கவில்லை.

நம் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த ஹார்ட் டிஸ்க்கை இங்குள்ள கம்ப்யூட்டரில் மாட்ட ஒரு கேபிள் தேடி நாயாய் அலைந்துவிட்டேன். முதலில் கடைக்காரன் கொடுத்தது ஒல்லிக் கேபிள். டிஸ்க்கில் அது நுழைய இடமே இல்லை. அடுத்து வாங்கியது பட்டையானதுதான், ஆனால் ஃபிளாப்பி டிரைவுக்கு உரியதாம், அகலம் போதவில்லை. கோபத்தில் அழுத்தினேன், டிஸ்க்கில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிப் பின்களில் ஒன்று வளைந்துவிட்டது. அறையில் கூட இருக்கும் ஏசி மெக்கானிக், "என்னண்ணே, சுவத்துல ஆணியா அடிக்கிறீங்க?" என்று திட்டிவிட்டு ஊசியால் நிமிர்த்திக் கொடுத்தான். பயப்படாதே, டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பாப்பா முதல் அடி வைத்த வீடியோ அதில்தானே இருக்கிறது.

"இந்த மாடல் இப்ப வர்றதே இல்ல சார்" என்று கடைக்காரன் கையை விரித்துவிட்டான். அறைக்கு வந்து, நீ அனுப்பிய போட்டோவை வழக்கம்போல எடுத்துப் பார்க்கிறேன், பாப்பாவுக்குப் பின்னால் ஜன்னல் திரையைச் சேர்த்துக் கட்டியிருப்பது அதே சாம்பல் நிறக் கேபிள்! டிஸ்க்கைக் கழற்றிய மடையன் கேபிளை வீட்டிலேயே விட்டுவிட்டேன். நீயோ அதில் முடிச்சே போட்டிருக்கிறாய்!

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறான். முடிச்சைப் பிடித்து இழுக்காமல் மெதுவாக அவிழ். கேபிள் மடங்காமல் இருக்க உன் புடவை ஒன்றில் சுற்றி அனுப்பு. துவைக்காததாகப் பார்த்து அனுப்பு.

உன்,
பாப்பாவின் அப்பா