நீர்மூழ்கியின் மூடியைத் தட்டியபோது

அண்ணா,

இன்று காலை தேங்காய் உடைக்க எதையோ தேடப்போய், அலமாரியின் அடியில் உங்கள் ஸ்பேனர் கைக்கு வந்தது. துணியைப் பிரித்ததும் அதே டீசல் வாசனை. சிட்லபாக்கத்துச் சமையலறையில் நின்றுகொண்டே நீர்மூழ்கியின் வயிற்றுக்குள் இருந்தேன். தேங்காயை வாசற்படியில் அடித்து உடைத்துக்கொண்டேன். அந்த ஸ்பேனரால் எதையும் உடைக்க மனம் வரவில்லை.

அந்த நீர்மூழ்கிக் கப்பலைக் கோவளத்துக்கு அப்பால் மணலில் ஏற்றிவைத்து அருங்காட்சியகம் ஆக்கியபோது நமக்குத்தான் எத்தனை பெருமை! அதே கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நீங்கள் சுற்றிக்காட்டுபவர், நான் டிக்கெட் கவுன்ட்டர். தாம்பரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் போவோம். ஏறியதிலிருந்து இறங்கும்வரை உங்கள் வாய் ஓயாது. ஜன்னலோர சீட்டு எனக்கு, கதை ஊருக்கெல்லாம்.

சாயங்காலம் மூடும்போது மட்டும் நமக்குள் சண்டை வரும். மேல்மூடியைச் சாத்தும் முன் தட்டிப் பார்ப்பது உங்கள் கப்பல் பழக்கம். வெளியே நிற்பவர் மூன்று தட்டு தட்ட வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் இரண்டு தட்டி, சற்று நிறுத்தி, இன்னொன்று தட்டுவார். கடைசி ஆளாக உள்ளே நின்று நீங்கள் இந்த ஸ்பேனரால் பதில் தட்டுவீர்கள். ஏறி வந்த பிறகு என்னை மறுபடியும் தட்டச் சொல்வீர்கள்.

"நீங்கதான் மேல வந்துட்டீங்களே, இன்னும் யாருக்குண்ணா தட்டணும்? பஸ் போயிடும்."

"பதில் வரலன்னு காதால கேட்டப்புறம்தாம்மா மூடணும்."

பிறகு கூட்டம் குறைந்தது. ஏசி நின்றது. உப்புக்காற்று பெயின்ட்டை உரித்தது. பலகையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்து, கடைசியில் படிக்க ஒன்றுமில்லை. நடத்தியவர்கள் எட்டிப் பார்ப்பதையும் விட்டு, கேட்டைப் பூட்டினார்கள். நீங்களோ ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பஸ் ஏறிப் போய், வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவீர்கள். "துரு காத்தைத் தின்னுடும்மா. அடைச்ச அறையில மூச்சுவிட ஒண்ணும் மிஞ்சாது. யாராவது தெரியாம எறங்கிடப் போறாங்க." ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதே புலம்பல். அந்தக் கவலையோடே போய்விட்டீர்கள். அண்ணி இந்த ஸ்பேனரை என்னிடம் கொடுத்தார்கள்.

கப்பலைக் காயலான் கடைக்கு விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டு, கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனேன். ஸ்பேனர் பையில் இருந்தது. நல்ல மதிய வெயில். செம்புக் கம்பி திருட ஆட்கள் இறங்குகிறார்களாம். அறுக்கும் நாள்வரை மூடியை வெல்டிங் வைத்து அடைக்க ஆட்கள் தயாராக நின்றார்கள்.

"ஒரு நிமிஷம் தம்பி, தட்டிட்டு மூடுங்க."

"உள்ள இன்னாக்கா கீது? எலிதான் கீது," என்று சிரித்தார் வெல்டர். ஆனாலும் நான் ஏற ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று தட்டு தட்டினேன். கடல் சத்தம் மட்டும் கேட்டது. ஸ்பேனரைப் பையில் போடப் போனேன். அப்போது அடியிலிருந்து இரண்டு தட்டு வந்தது. சற்று நின்று, இன்னொன்று.

வெல்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் ஏறி வந்து அப்படியே உள்ளே இறங்கப் போக, சட்டையைப் பிடித்து இழுத்தேன். "உள்ள காத்து இல்லப்பா! மொதல்ல காத்து விடுங்க!" பெரிய ஃபேனைக் கொண்டுவந்து, குழாய் வழியாக நெடுநேரம் காற்றைச் செலுத்திய பிறகுதான், இடுப்பில் கயிறு கட்டி ஒருவரை இறக்கினார்கள். முன்னறை வாசலில் அவர்களுடைய ஆளே ஒருவர் மயங்கிக் கிடந்தார். பக்கத்துக் குப்பத்து மீனவர். கடலுக்குப் போகாத நாளில் கூலிக்கு வந்தவர், வெயிலுக்கு ஒதுங்க இறங்கியிருக்கிறார். வீட்டுக்குப் போய்விட்டார் என்று மற்றவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

மூச்சு சீராகி அவர் தண்ணீர் குடித்த பிறகு, "நல்லவேளை, பதிலுக்குத் தட்டினீங்க," என்றேன்.

"நானா? நான் தட்டலக்கா. எறங்கினதுதான் தெரியும். அப்பால கையே தூக்க முடியல."

வெல்டர் ஏணியை மறுபடியும் பிடித்துக்கொண்டார். பிறகு அவரே மெதுவாகச் சொன்னார்: "அக்கா, இன்னொரு தபா தட்டிடுங்க."

ஏறிப்போய்த் தட்டினேன். காதை இரும்போடு ஒட்டிவைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. திரும்பத் தட்டினேன். அப்போதும் ஒன்றுமில்லை. பதில் வந்தபோது நடுங்கினேன் அண்ணா, வராதபோதுதான் அழுதேன். உங்களைக் கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்த அன்றுகூட அப்படி அழவில்லை. மூடலாம் என்று தலையை ஆட்டினேன்.

இப்போது அங்கே வெறும் மணல்தான். நான் எதை மூடினாலும் விரலால் தட்டிவிட்டுத்தான் மூடுகிறேன். அரிசி டிரம்மைக்கூடத் தட்டுவதைப் பார்த்து என் மகள் தலையில் அடித்துக்கொள்கிறாள். இன்று தண்ணீர் சம்ப் மூடியை மூடும்போது, கையில்தான் இருக்கிறதே என்று, உங்கள் ஸ்பேனராலேயே மூன்று தட்டு தட்டினேன். பதில் வரவில்லை என்று காதால் கேட்டேன்.

கேட்ட பிறகும் கொஞ்ச நேரம் மூடாமல் நின்றேன்.