உப்பளத்துக்கு எந்தக் கண்ணாடி

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் வெளுத்துப்போன படம்தான். அண்ணன் ட்ரோனில் எடுத்து வந்த ஏரிக் காட்சியில் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. எல்லாம் சுண்ணாம்பு. "எடிட்டிங்ல குறைச்சுக்கோ" என்கிறான். எதைக் குறைப்பது? வெளுத்த இடத்தில் ஒன்றுமே பதிவாகியிருக்காதே! ஆறு வருடமாக இந்த ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து அவன் எரித்ததற்கெல்லாம் மருந்து போடுகிறேன். போதும்.

அடுத்த செவ்வாய் உப்பளத்தில் படப்பிடிப்பு. உச்சி வெயில், கீழே வெள்ளை. ட்ரோனை ஓட்டப்போவது நான். லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. பீரோவில் பூட்டி வைக்கவா வாங்கினேன்?

மார்ச் 6, வியாழன்

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். அண்ணன் சிரித்தான். "சரி, ஓட்டிக்கோ." அந்த நிமிடமே ஃபில்டர் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். கேமராவுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடிகள்.

"என்னது, ட்ரோனுக்குக் கூலிங் கிளாஸா?"

அண்ணிதான் வாயை அடைத்தாள். "இவரு மூக்குல இருக்கற கண்ணாடியவே தொடைக்க மாட்டாரு. இவர்கிட்ட போய் காட்டற பாரு!"

மார்ச் 8, சனி

மொட்டை மாடியில் வெள்ளைப் போர்வையை விரித்து, நடுப்பகலில் சோதனை. பாதம் கொப்பளித்துவிட்டது.

ஷட்டரை வேகமாக்கினால் ஆட்களின் நடை வெட்டி வெட்டி வருகிறது. மெதுவாக்கினால் வெளுக்கிறது. ஆக, கண்ணாடி இல்லாமல் முடியாது. எங்கள் ட்ரோனுக்கு இரண்டு கேமரா. அகலமாகப் பார்ப்பது ஒன்று, தூரத்தைக் கிட்டே இழுப்பது இன்னொன்று. அகலக் கேமரா நிறைய வெளிச்சம் குடிக்கிறது. எண் கூடினால் கண்ணாடியின் கறுப்பும் கூடும்; 256ஆம் எண் போட்டால்தான் அடங்குகிறது. அதே கண்ணாடியில் தூரக் கேமரா இருட்டி, படம் புள்ளி புள்ளியாகிறது. அதற்கு 128 போதும்.

கண்ணாடி பதித்த ஒரே சட்டம்தான் இரண்டு கேமராவையும் மூடும். அதில் இரண்டுக்கும் ஒரே எண். அப்படியென்றால் முதலில் 256 போட்டு அகலம். இறக்கி, 128 மாற்றி, பிறகு தூரம். வேறு வழி இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

"நடுவுல எறக்கறதா? உனக்கென்ன பைத்தியமா?" என்றான் அண்ணன். ஆமாம்.

மார்ச் 11, செவ்வாய்

வந்ததும் வராததுமாக எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பெரிய பாத்தியில் உப்பு வாருவது இன்று ஒரு நாள்தான். பன்னிரண்டு பெண்கள் வரிசையாக வாரிக்கொண்டு வந்தார்கள். அகலக் காட்சி முடிந்தது. பாதிப் பாத்தி மிச்சம். ட்ரோனை இறக்கினேன்.

"நேரம் போகுது. அப்படியே எடு" என்றான் அண்ணன்.

"மாட்டேன்."

"நான் சொல்றேன்ல? குடு ரிமோட்ட!"

"குடுக்க மாட்டேண்ணே. கெட்டுப்போச்சுன்னா நான் கெடுத்ததா இருக்கட்டும்."

விறுவிறுவென்று போய் காருக்குள் உட்கார்ந்து கதவை அறைந்தான். உப்பள முதலாளி முன்னாலேயே. நான் என்ன செய்வது, அழுதுகொண்டு பின்னாலேயே ஓடுவதா? ட்ரோனை அணைத்தேன். விரல் வழுக்கியது, சட்டம் கழலவே இல்லை. அதற்குள் அவர்கள் வாரி முடித்துவிட்டால்?

வரிசையின் முன்னால் நின்ற பெண் கேட்டாள், "என்னம்மா, பழுதா?"

"இல்லக்கா. வெள்ள கூசுது, கண்ணாடி மாத்தணும். நாலே நிமிஷம்."

"இந்த வெள்ள கண்ண என்ன பண்ணும்னு எங்களுக்குத் தெரியாதா? மாத்து. நாங்க தண்ணி குடிச்சுட்டு வரோம்."

உப்பு வாரும் பலகையைக் கீழே வைத்தாள். மற்ற பதினொரு பலகைகளும் கீழே போயின. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

மாற்றினேன். எடுத்தேன்.

மார்ச் 12, புதன்

எடிட்டிங் அறைக்கு அண்ணன் தானாக வந்தது இதுவே முதல் முறை. பின்னால் நின்றான். திரையில் அந்தப் பெண்ணின் புறங்கை. அதில் ஒட்டிய உப்பு ஒவ்வொரு பரலாகத் தெரிந்தது. "திரும்பப் போடு" என்றான். போட்டேன். மூன்று முறை. பிறகு போய்விட்டான். போகட்டும்.

மார்ச் 19, புதன்

படம் முடிந்தது. கடைசியில் வரும் பெயர்களை எப்போதும் நான்தான் தட்டச்சு செய்வேன்; ஒளிப்பதிவு என்று அவன் பெயர் மட்டும் இருக்கும். இன்று அதற்குக் கீழே, வான்வழி ஒளிப்பதிவு என்று என் பெயரைப் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. சண்டைக்குத் தயாராகவே அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்கு அருகில் குனிந்தான்.

"எழுத்து சின்னதா இருக்கு. பெருசு பண்ணு."

பண்ணினேன். அவன் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாகவே.