சிதம்பரம் வரை ஒரு ஒத்திகைப் பறப்பு

ஆடி 14, புதன், இரவு

பறக்காத விமானத்தில் பயணம் செய்த உலகின் முதல் தம்பதி என்ற புகழ் இன்று எங்களுக்கு. பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு என் மனைவி ஸ்டெல்லா மும்பை போயாக வேண்டும். ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் அவளால் அரைத் தெரு நடக்க முடியாது. அதை விமானத்தில் கையோடு கொண்டுபோகலாமாம். ஆனால் பறக்கும் நேரத்தைப்போல் ஒன்றரை மடங்கு பேட்டரி நிற்க வேண்டுமாம். இரண்டு மணிப் பயணத்துக்கு மூன்று மணி. கடலூரிலிருந்து சிதம்பரம் போய்த் திரும்பவும் அதே மூன்று மணி. மெஷினைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டோம்.

"மாமா, பொட்டிக்கு லக்கேஜ் போடணும்," என்றார் கண்டக்டர்.

"ஏரோப்ளேன்லயே இதுக்குக் காசு இல்லப்பா. உள்ள உங்க அத்தையோட மூச்சு இருக்கு. மூச்சுக்கு டிக்கெட்டா?"

"அப்ப ஒங்க வாய்க்குத்தான் மாமா லக்கேஜ் போடணும்."

ஸ்டெல்லா மூக்கில் மாட்டிய குழாயோடு சிரித்தாள்.

திரும்பி இறங்கியபோது பேட்டரியில் ஒரு விளக்கு மிச்சம் எரிந்தது. இமயத்தையே வென்றுவிட்டேன் என்று அவளிடம் அளந்தேன். ஆனால் பஸ் தரையில் அல்லவா ஓடியது? மேலே காற்று குறைச்சலாமே, மெஷின் பேட்டரியை அதிகமாக இழுக்குமோ? காலையில் டாக்டரிடம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. குழந்தைக்கு எடுத்த வெள்ளைக் கவுனை அவள் இப்போதே பெட்டியில் வைத்துவிட்டாள்.