யஹூஸாவின் புத்தகத்தில் இல்லாத பெயர்

ஸாரியா, வியாழக்கிழமை

என் தலைமகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் எனக்கு மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது, கோலாலம்பூரில் நீயும் பிள்ளைகளும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க துஆ செய்கிறேன். இங்கே புழுதிக்காற்று தொடங்கிவிட்டது, கம்பங்கூழிலும் மண். உன் தம்பி நசிருவுக்குப் பெண் பிறந்திருக்கிறாள், ஏழாம் நாள் கடா அறுத்து உன் அத்தையின் பெயரையே வைத்தார்கள். உன் அப்பாவின் அக்கா பெயராயிற்றே, அதனால் பேத்தியையும் நான் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது, சின்ன அத்தை என்கிறேன், அவளும் அத்தையைப் போலவே முறைக்கிறாள்.

சந்தோஷச் சேதி இவ்வளவுதான். அத்தை மௌத்தாகி இரண்டு மாதத்தில், நம் பேட்டையில் மார்க்கம் கற்ற ஆலிம்களின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறோம் என்று இப்போது தானும் ஓதிக்கொடுக்கிற ஆசான், மாலம் யஹூஸா இன்னும் இருவரோடு வந்து வாசலறையில் உட்கார்ந்தார். நான் திரைக்குப் பின்னால். இந்த வீட்டில் ஹதீஸ் பாடம் நடத்தியது யார், அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார், வரிசையாகப் பெயர் சொல்லுங்கள் என்று கேட்டார். நம் வழக்கம் உனக்குத் தெரியாததா, புருஷன் பெயரும் அவருக்கு மூத்தவர்கள் பெயரும் வாயில் வரக்கூடாது. இந்த வீட்டில் ஓதிக்கொடுத்தவர் யாரென்று உங்களுக்குத் தெரியாதா என்று மட்டும் சொன்னேன். யஹூஸாவுக்குத் தெரியாமல் என்ன, ஆறு வயதில் மூக்கொழுக வந்து அத்தையின் பாயில் உட்கார்ந்து எழுத்துப்பலகை பிடிக்கக் கற்றவர். சரி சரி என்று எழுதிக்கொண்டார். அடக்கமாக நடந்துகொண்டோம் என்ற பெருமையோடு நானும் உள்ளே போனேன். அந்தப் பெருமை நாசமாய்ப் போக.

போன வெள்ளிக்கிழமை புத்தகம் வந்தது, நசிரு வாசித்துக் காட்டினான். நூற்றுப் பன்னிரண்டு ஆலிம்கள், ஒரு பெண்கூட இல்லை. நம் வீட்டில் பாடம் நடத்தியது உன் அப்பாவாம். நல்ல மனிதர், அல்லாஹ் அவர் கப்ரை விசாலமாக்கட்டும், ஆனால் தோல் வியாபாரம் பார்த்தவர், மார்க்கத்தில் ஒரு சந்தேகம் வந்தால் அக்காவின் கதவைத்தான் தட்டுவார். நாற்பது வருஷம் ஓதிக்கொடுத்த அத்தை, குடும்பத்தாரும் உதவினர் என்ற ஒரு வரிக்குள் போய்விட்டார். நபியவர்கள் வீட்டுப் பெண்கள் சொன்னதை ஆண்கள் கேட்டு, இன்னாரிடம் கேட்டேன் என்று பெயரோடு சொன்னார்கள், அவர்களுக்கு இல்லாத கூச்சம் இவர்களுக்கு எதற்கு என்று அத்தை அடிக்கடி கேட்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாளே யஹூஸா வீட்டுக்குப் போய்க் கத்தினேன், நன்றிகெட்டவன் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் மனைவியர் இருவரும் வேர்க்கடலை உடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் கோபிக்கவே இல்லை. "நீங்கதானே பேரைச் சொல்லல ஹாஜியா, சொல்லாத பேரை நான் எப்படி எழுதுறது? இப்போ சொல்லுங்க, அடுத்த பதிப்புல போட்டுடறேன்" என்று பேனாவைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். என்னால் முடியாது என்று அவருக்குத் தெரியும். மகளே, என் வாய் திறக்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் அத்தனை பேர் முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் செய்தது துரோகம், நான் செய்தது மட்டும் என்ன?

வாய்க்குத்தான் தடை, கைக்கு இல்லை என்று துணிந்து எழுதுகிறேன். மாலம் துக்குரின் மகள் ஹப்ஸத்து. ஹப்ஸத்து தன் சித்தி ரக்கியாவிடம் ஓதினார். ரக்கியா தஸல்லாவிடம் ஓதினார். தஸல்லா, கானோ நகரிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம். அந்தப் பெண்ணின் பெயரை அத்தை எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், நான்கு நாளாக யோசிக்கிறேன், வரவில்லை. எழுதிவையுங்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு, எதற்கு, நீ இருக்கிறாயே என்றார்.

மறுபடி அந்த வாசலில் போய் நிற்க எனக்கு முகமில்லை, இதை உன் கையால் பிரதியெடுத்து யஹூஸாவுக்கு அனுப்பு, உன்னிடமும் ஒன்று வைத்துக்கொள். காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. உன் வீட்டிலும் பிள்ளைகளிலும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும், என் துஆ எப்போதும் உண்டு. பதில் எழுதும்போது மறக்காமல் ஒன்று சொல், அந்தக் கானோக்காரியின் பெயரை நான் எப்போதாவது உன்னிடம் சொல்லியிருக்கிறேனா? சொன்னதில்லை என்று எனக்கே தெரியும். இருந்தாலும் யோசித்துப் பார்.

உன்னைப் பெற்றவள்,
ஹப்ஸத்துவிடம் ஓதிய அஸபே