வாசலுக்குள் அடங்காத பெட்டி

ஒக்டோபர் 9, வியாழன்
காலையிலிருந்து தூறல். எங்கள் ஊர் மாம்புரிக் காற்றில் தென்னோலை விழுகிற சத்தம். எட்டிப் பார்க்க முடியாது. விதவை இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தா முடியும்வரை இந்த வீடுதான்.

என் மாப்பிள்ளை மவுத்தாகும் முன் ஒப்புக்கொண்ட வேலை: கற்பிட்டி ஹோட்டலுக்கு ஒரு பழைய பயணப் பெட்டி. தேக்கு, வளைந்த மூடி. அடி உளுத்து, பலகை பலகையாகக் கழன்று கொட்டகையில் கிடந்தது. கொட்டகை ரோட்டுக்குத் தெரியும், அங்கே நான் உட்கார முடியாது. என் கூடப்பிறந்த நானா ஒவ்வொரு பலகையாகப் பின்னறையில் கொண்டுவந்து போட்டார். இத்தனை வருடம் என் மாப்பிள்ளையோடு சேர்ந்து நானும்தானே இழைத்தேன், முடிப்பேன் என்றேன். "பொழுதாவது போகட்டும்" என்றார் நானா. எரிச்சல்.

ஒக்டோபர் 14, செவ்வாய்
வாங்க: வார்னிஷ், பித்தளை ஆணி, சீனி, பாண்.

இத்தாவில் வாசனை பூசக்கூடாது. வார்னிஷ் அதில் சேருமா? கேட்டால் வேண்டாம் என்பார்கள். கேட்கவில்லை.

நானா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "இத்தா முடிஞ்ச கையோட புத்தளத்துக்கு எங்கட வீட்டுக்கு வந்திருங்க, தங்கச்சி. இத வாடகைக்குக் குடுப்பம். பொம்புள தனிய இருக்க ஏலாது."

வாப்பா எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. என்னை யாரும் கேட்கவில்லை. அங்கே எனக்கு என்ன? மதினியின் குசினியில் அடுப்போரம் ஒரு மூலை. நினைத்தாலே மூச்சு முட்டுகிறது.

ஒக்டோபர் 20, திங்கள்
பெட்டி எழும்பி நிற்கிறது. அடிப்பலகை புதிது. கீல் ஆணிகளை அறைந்து மடித்தாயிற்று. மூடி சத்தமில்லாமல் திறக்கிறது. அழுதேன். அவர் பார்த்திருந்தால் "மூலை கொஞ்சம் கோணல்" என்றிருப்பார். கோணல்தான்.

ஒக்டோபர் 22, புதன்
வெயில். ஹோட்டல்காரர் வேனோடு வந்தார். நான் குசினித் திரைக்குப் பின்னால். அவரும் நானாவும் தூக்கினார்கள். பின்னறை வாசலில் பெட்டி சிக்கியது. சாய்த்தும் பார்த்தார்கள், நிமிர்த்தியும் பார்த்தார்கள். அசையவில்லை.

உள்ளே வந்தது வெறும் பலகை. வாசலை அளக்க எனக்குத் தோன்றவே இல்லை. வெளியே போகிற நினைப்பே விட்டுப்போயிருந்தது எனக்கு.

"மூடியக் கழட்டுவம்" என்றார் நானா.

"பலக வெடிச்சா எனக்கு வேணாம்." ஹோட்டல்காரர்.

திரைக்குள்ளிருந்து சொன்னேன்: "பெட்டியில கை வைக்காதீங்க, நானா. கதவு நிலையக் கழட்டுங்க."

"செவரு ஒடையும்! வாடகைக்குக் குடுக்கிற வீடு!"

"என்ட வீடு. ஒடைங்க."

என் குரலா அது? ஹோட்டல்காரர் இருமினார். பிறகு அலவாங்கால் சுவரை இடிக்கிற சத்தம்.

போகும்போது ஹோட்டல்காரர் கேட்டார்: "இன்னும் ரெண்டு பெட்டி கெடக்கு. யாருட்ட குடுக்க?"

நானா வாய் திறக்குமுன், "என்னட்ட" என்றேன்.

ஒக்டோபர் 25, சனி
மழை. பின்னறைச் சுவர் வாய் பிளந்து கிடக்கிறது. என் மாப்பிள்ளையின் பழைய சாரனைத் திரையாகக் கட்டித் தொங்கவிட்டேன். சாரல் நிற்கவில்லை. தலையணையெல்லாம் ஈரம்.

நானா வீடு பார்க்க ஒரு குடும்பத்தைக் கூட்டிவந்தார். ஓட்டையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அவருக்குக் கோபம். "இப்பிடிக் கெடக்கிற வீட்ட யாரு எடுப்பா?"

"நான் எடுத்திட்டன், நானா."

தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார். கவலைதான். கோப்பையை எடுத்து நானே குடித்தேன்.