தொட்டியில் வைத்த கை

பார்சலோனா,
3 நவம்பர் 1957

என் அன்புக் கசில்தாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ நலமா என்று கேட்டால் "இருக்கேன்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவாய், தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மூன்றாவது குழந்தை பிப்ரவரியில் பிறக்கிறது. இதற்கு ஞானத்தாய் நீதான். என் பிள்ளையை நீயும் உன் பிள்ளையை நானும் ஞானஸ்நானத்தில் ஏந்த வேண்டும் என்று பாவாடை கட்டிய வயதில் பேசிக்கொண்டோமே! முதல் இரண்டுக்கும் என்னவர் அன்செல்மோவின் வீட்டார் முந்திக்கொண்டார்கள். இந்த முறை கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். உன் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சரி, ரயில் ஏறிவிடு.

உன் ஒப்தூலியா

நவால்தோரா,
14 நவம்பர் 1957

என் ஒப்தூலியாவுக்கு,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்து, அங்கேயே அழுதும் தொலைத்தேன். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தபால்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் ஒரு குழந்தையைக்கூட யாரும் என் கையில் தந்ததில்லை. போன ஞாயிறு கோயில் வாசலில் நாத்தனார் பிள்ளை என்னிடம் தாவியது. "அவங்க வேலையா இருக்காங்கடா, வா" என்று இழுத்துக்கொண்டாள். நான் சும்மாதான் நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ஃப்ருக்துவோசோவிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவர் பாட்டுக்கு மதுக்கடையில் சீட்டாடுகிறார். தோற்றால் அதற்கும் என் ராசிதான் காரணமாம்.

நடந்தாவது வந்துவிடுவேன். ஞானஸ்நான அங்கிக்குத் துணிகூட எடுத்துவிட்டேன். இந்த மாதக் கடைசியில் மாமியார் வீட்டில் பன்றி அடிக்கிறார்கள். மூன்று வருடமாக அன்றைக்குப் பார்த்துத்தான் நான் தூரமாகிறேன். அந்தப் பன்றிக்கும் எனக்கும் என்ன பகையோ! தூரமானவள் கை பட்டால் கறி கெட்டுவிடும் என்று பின்கட்டில் பாத்திரம் தேய்க்க அனுப்பிவிடுவார்கள்.

உன் கசில்தா

பார்சலோனா,
10 டிசம்பர் 1957

அடி கள்ளி!

நீ முழுகாமல் இருப்பதை ஊரிலிருந்து என் அம்மா எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? படித்துவிட்டுக் கரண்டியும் கையுமாக ஆடினேன். "ரெண்டு பேருமாச் சேர்ந்து ஊரையே ரொப்பிடுவீங்க போல" என்று அன்செல்மோ சிரிக்கிறார்.

ஒரே ஒரு சங்கடம். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள் இன்னொரு பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்தினால் இரண்டில் ஒன்றுக்கு ஆகாது என்பார்களே. அதனால் அன்செல்மோவின் தங்கை ஹசிந்தாவிடம் சொல்லிவிட்டேன். உனக்கு வருத்தமிருக்காது. உனக்குத்தான் சொந்தமாகவே வரப்போகிறதே!

உன் ஒப்தூலியா

நவால்தோரா,
17 டிசம்பர் 1957

என் ஒப்தூலியாவுக்கு,

என் வயிற்றில் ஒன்றும் இல்லை.

பன்றி அடித்த அன்று இந்த வருடமும் நான் தூரம்தான். மிளகாய்த்தூளும் பூண்டும் போட்டுக் கறி பிசையப் பெண்கள் எல்லாரும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். துணிக்கொடியைப் பார்த்தே என் நாட்களைக் கணக்கு வைத்திருக்கும் மாமியார், "என்ன, பின்கட்டுதானே?" என்றார். சிரித்துக் கிடந்த அந்தக் கூட்டத்தில் எனக்கும் ஓர் இடம் வேண்டும்போல் இருந்தது. "இல்ல அத்தை, நான் கை வைக்கலாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். முழங்கை வரை விட்டுப் பிசைந்தேன்.

மாமியார் என்னையே பார்த்தார். பிறகு கறி ஒட்டிய கையோடு என் முகத்தைப் பிடித்து முத்தமிட்டு, "என் ராசாத்தி, நாள் தள்ளிப்போச்சுன்னு வாயத் தொறந்து சொல்லக்கூடாதாடி!" என்றார். அப்போதுதான் எனக்கே விளங்கியது. அந்த இடத்திலேயே மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை.

அன்றிலிருந்து கணப்புக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. முதல் கிண்ணம் சூப் எனக்கு. குடம் தூக்க விடுவதில்லை. 'அந்த வறண்டவள்' என்றவர்கள் கசில்தா என்று கூப்பிடுகிறார்கள். நாத்தனார் தன் பிள்ளையை எடுத்து, "பழகிக்கோங்க அண்ணி" என்று என் மடியில் வைத்தாள். எப்படியடி வேண்டாமென்பேன்?

ஆனால் உன் பிள்ளையை விட்டுக்கொடுத்து அந்த நாற்காலி எனக்கு வேண்டாம். இன்று காலை மாமியாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "கறியையும் கெடுத்து, என் மானத்தையும் கெடுத்தியே, பாவி" என்றார். ஃப்ருக்துவோசோ படுக்கையைச் சுருட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார். போகட்டும். இப்போது நான் ஏந்தத் தடையில்லை. ஹசிந்தாவிடம் சொல்லிவிடு.

உன் கசில்தா

பார்சலோனா,
8 ஜனவரி 1958

அன்புள்ள கசில்தா,

எப்படித் தொடங்குவதென்றே தெரியவில்லை. ஹசிந்தா மெழுகுவர்த்தி, பதக்கம் எல்லாம் வாங்கிவிட்டாள் என்று எழுத நினைத்தேன். ஆனால் உன்னை வேண்டாமென்பதற்குக் காரணம் அதில்லை. "பிள்ள பெறாதவ ஏந்துனா பிள்ள தங்குமா? அதுலயும் இல்லாத வயித்த இருக்குன்னு ஊர ஏமாத்துனவ" என்கிறார் என் மாமியார். நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் பிறக்கப்போவது என் பிள்ளை, எனக்குப் பயமாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. அடுத்ததற்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒப்தூலியா

நவால்தோரா,
2 மார்ச் 1958

ஒப்தூலியா,

நான் கோபமாகத்தான் இருக்கிறேன். மாமியார் பேசியதைத் தாங்கிக்கொண்டேன், அவர் எப்போதும் அப்படித்தான். ஊரே என் வயிற்றைப் பார்த்துப் பேசியபோது நீ ஒருத்திதான் என் முகத்தைப் பார்த்துப் பேசினாய். இனி அதுவும் இல்லை.

நேற்று தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் உன் அம்மாவைப் பார்த்தேன். உனக்குப் பெண் பிறந்திருக்கிறதாம், இரண்டு பேரும் சுகமாம். மற்றவர்களிடம்தான் சொன்னார், எனக்கும் காதில் விழுந்தது. "பேரு என்னம்மா?" என்று கேட்டேன். குடம் நிரம்புவதற்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஞானஸ்நானம் ஆகும்வரை என் காதில் பெயர் விழக்கூடாதாம். பக்கத்தில் நின்றவள் விளக்கினாள்.

இந்தக் கடிதம் வந்து சேரும்போது ஞானஸ்நானம் முடிந்திருக்கும். அதன் பிறகு என்னால் ஒரு கெடுதலும் வராது. எனவே பெயரை மட்டும் எழுதி அனுப்பு. நலமா என்றுகூடக் கேட்க வேண்டாம். ஜெபத்தில் ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் பெயர் சொல்லித்தான் வேண்டிக்கொள்கிறேன். உன் மகளை மட்டும் 'அந்தக் குழந்தை' என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

கசில்தா